நாற்பதாயிரம் ரூபாயும் ரிச்சி தெருவும்

ரிச்சி தெரு காலை பத்தரைக்கு முன் கண் விழிப்பதில்லை. தென்மாவட்ட ரயில்களோ விடிந்த கையோடு எழும்பூரில் ஆட்களை இறக்கிவிட்டுவிடுகின்றன. இடையில் கிடக்கும் பொழுதை எங்கே கழிப்பது என்பதுதான், கம்ப்யூட்டர் சாமான் வாங்க வரும் வெளியூர்க்காரருக்குச் சென்னை வைக்கும் முதல் பரீட்சை. 2024 ஜூனில், கோவில்பட்டியில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி வந்த நானும் அக்கா மகளும் அதைத் திருவல்லிக்கேணியில் எழுதினோம். எழும்பூரில் மெட்ரோ பிடித்து சென்ட்ரலில் வண்டி மாறினால் அடுத்த நிறுத்தம் அரசினர் தோட்டம். 2019இல் இந்தத் தடம் திறந்த பிறகு, ரிச்சி தெருவுக்குப் போக ஆட்டோக்காரரிடம் பேரம் பேச வேண்டியதில்லை. பேரத்தையெல்லாம் தெருவுக்கென்று சேர்த்துவைத்துக்கொள்ளலாம். ரத்னா கபே வரை நடந்து, சாம்பாரில் மூழ்கிக் கிடந்த இட்லியை முடித்து, அண்ணா சாலைக்குத் திரும்பியபோதும் கடைகள் திறக்க நேரமிருந்தது.

அவள் கையில் நாலாக மடித்த ஒரு தாள். அதில் எட்டு வரிகள்: ப்ராசசர், போர்டு, ராம், எஸ்.எஸ்.டி., எஸ்.எம்.பி.எஸ்., கேபினட், மானிட்டர், கீபோர்டு-மவுஸ். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு விலைகள். ஒன்று இணையத்தில் பார்த்தது. மற்றது எங்கள் ஊர்க் கடையில் சொன்னது. மூன்றாவது பத்தி காலியாக இருந்தது. அது ரிச்சி தெருவுக்கு.

கையில் இருந்த பணம் நாற்பதாயிரம். கொத்தனார் வேலை பார்க்கும் அத்தான் சீட்டு எடுத்துக் கொடுத்தது. பிளஸ் டூ முடித்துவிட்டு உள்ளூர்க் கல்லூரியில் சேரவிருந்த பெண்ணுக்கு, பாடத்தைவிட முப்பரிமாணப் படம் செய்வதில்தான் உயிர். இரவல் லேப்டாப் ஒன்றில் பிளெண்டர் என்ற மென்பொருளைத் தானாகவே கற்றுக்கொண்டிருந்தாள். அந்த மென்பொருளுக்குக் காசு கிடையாது. அதை வைத்திருந்த டச்சு நிறுவனம் மூடப்பட்டபோது, அதை உருவாக்கிய டோன் ரோசன்டால் 2002இல் பொதுமக்களிடம் ஒரு லட்சம் யூரோ திரட்டி, மூலநிரலை உலகத்துக்கே திறந்துவிட்டார். ஆக, செலவு முழுவதும் இரும்புக்கும் சிலிக்கானுக்கும்தான்.

“அந்தக் காசுக்கு லேப்டாப்பே வாங்கிடலாமே” என்று ஊரில் சொல்லாதவர் இல்லை. வாங்கலாம்தான். கைக்கடக்கமாக இருக்கும், மின்வெட்டிலும் ஓடும். ஆனால் அந்த விலையில் வரும் பல லேப்டாப்களில் ராம் முழுவதுமோ ஒரு பகுதியோ போர்டோடு பற்றவைத்தே வருகிறது. வாங்கிய அன்றைக்கு எதுவோ, அதுதான் கடைசிவரைக்கும். டெஸ்க்டாப் அப்படியல்ல, இன்றைக்கு முடியாததை அடுத்த வருஷம் சேர்த்துக்கொள்ளலாம். இணையத்திலும் விலை ஒன்றும் அதிகமில்லை. சில பாகங்கள் தெருவைவிடக் குறைவு. இருந்தாலும் கையில் எடுத்துப் பார்த்து, தானே மாட்டி, ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்கு எடுத்துப்போக வேண்டும் என்பது அவள் பிடிவாதம். அறுநூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருந்துகொண்டு பழுதான பாகத்தைத் திருப்பி அனுப்புவது எளிதா என்ன?

ரிச்சி தெரு என்று ஒருமையில் சொல்கிறோமே தவிர, அது ஒரு தெருவோடு நிற்பதில்லை. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை என்று அண்ணா சாலையின் முதுகுப்புறமெங்கும் கடைகள் படர்ந்து கிடக்கின்றன. டெல்லிக்கு நேரு பிளேஸ், மும்பைக்கு லேமிங்டன் சாலை, பெங்களூருக்கு எஸ்.பி. சாலை என்றால் தமிழ்நாட்டுக்கு இந்தச் சந்துகள்.

தொழில் மாறுவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஒட்டிக்கொண்டிருக்கும் சிந்தாதிரிப்பேட்டை, 1734இல் மார்ட்டன் பிட் கவர்னராக இருந்தபோது கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி வேண்டி நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய பேட்டை. கூவம் அதைச் சுற்றி வளைந்து ஓடுகிறது. மீரான் சாகிப் தெருவில் சினிமா விநியோகஸ்தர்களின் அலுவலகங்கள் நிறைந்திருந்தன. படப்பெட்டிகள் அங்கிருந்து ஊர் ஊராகப் போயின. டிஜிட்டல் திரையிடல் வந்ததும் பெட்டிக்கு வேலையில்லாமல் போயிற்று. ரிச்சி தெரு ரேடியோ சாமான்களில் தொடங்கியது. டேப் ரெக்கார்டர், டி.வி., கம்ப்யூட்டர், செல்போன், கண்காணிப்புக் கேமரா என்று ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு வரிசைக் கடைகள் சேர்ந்தன. பழையவையும் அடியோடு போய்விடவில்லை. கிராஃபிக்ஸ் கார்டு விற்கும் கடைக்குப் பக்கத்திலேயே, ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து வைத்திருக்கும் கடை இருக்கிறது. ப்ராஜெக்ட் நேரத்தில் பொறியியல் மாணவர்கள் அங்கேதான் மொய்க்கிறார்கள்.

ஷட்டர்கள் ஏறின. பையன்கள் வாசலில் தண்ணீர் தெளித்தார்கள். ஊதுவத்திப் புகை ஏறிக்கொண்டிருக்கும்போதே மூன்று சக்கர வண்டிகளில் மானிட்டர் பெட்டிகள் வந்து இறங்க ஆரம்பித்தன. அதற்கப்புறம் தெருவில் நடக்க வழி கிடையாது, நகரத்தான் முடியும்.

“வாங்க சார், என்ன பார்க்கறீங்க? பட்ஜெட் எவ்ளோ?”

கல்லாவில் இருந்தவர் கேட்டது என்னிடம். “ரைசன் 5 5600ஜி, பாக்ஸ் பீஸ், என்ன ரேட்டுண்ணே?” என்று பதில் வந்தது எனக்குப் பக்கத்திலிருந்து. அவர் விலையை என்னைப் பார்த்தே சொன்னார். “டிரே பீஸ்னா இன்னும் கம்மியாகும் சார்.” பெட்டியில்லாமல் மொத்தமாக வரும் ப்ராசசரைத்தான் டிரே பீஸ் என்கிறார்கள். அதோடு ஃபேன் வராது. பெட்டிச் சரக்குக்கு உள்ள மூன்று வருஷ வாரண்டியும் அதே மாதிரி இருக்காது. “ஃபேன் தனியா வாங்கணும்ல, அப்ப எங்கண்ணே கம்மி?” என்றாள். அதன் பிறகுதான் அவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். அன்றைக்குக் கடைக்குக் கடை இதுதான் நடந்தது. கேள்வி மாமனுக்கு வரும். பதில் மருமகளிடமிருந்து போகும். மூன்றாவது வாக்கியத்தில் கடைக்காரர் ஆளை மாற்றிக்கொள்வார். தெருவில் பெண்கள் குறைவு. ஆனால் கேள்வி சரியாக இருந்தால் பதிலில் குறை வைக்காத தெரு அது.

வாசலில் தொங்கிய அட்டைகள் ஆசை காட்டின. ‘ஐ7, 16 ஜி.பி. ராம், எஸ்.எஸ்.டி., மானிட்டரோடு’ என்று எழுதி, எங்கள் கையிருப்பில் மூன்றில் ஒரு பங்கு விலை போட்டிருந்தது. ஐ7 என்ற பெயர் 2008லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பார்க்க வேண்டும். 3770 என்றால் மூன்றாம் தலைமுறை, 2012இல் வந்தது. ஐ3-12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022இல் வந்தது. இரண்டிலும் நாலு கோர்தான். ஆனால் பெயரில் சின்னதான அந்த ஐ3, பழைய ஐ7ஐ எளிதாக முந்திவிடும். அலுவலகங்களில் ஓடிக் களைத்து வரும் இந்தப் பழைய பெட்டிகளும் குப்பையல்ல. டேலி போட, தட்டச்சு செய்ய, பிள்ளைகள் பாடம் பார்க்கப் போதும். படம் ரெண்டர் செய்ய உட்கார்ந்தால்தான் மூச்சு வாங்கும்.

இன்னொரு கடையில் எழுத்து ஒன்றில் வலை விரித்திருந்தார்கள். “12100 எஃப் எடுத்துக்கோங்கம்மா, ரெண்டாயிரம் மிச்சம்.” இன்டெல் ப்ராசசர் பெயரின் முடிவில் எஃப் வந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. தனியாகக் கார்டு வாங்கினாலொழிய மானிட்டரில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. ஏ.எம்.டி.யில் கணக்கு தலைகீழ். ரைசன் 5000 வரிசையில் ஜி இருந்தால்தான் படம் வரும். வெறும் 5600 என்றால் வராது. கார்டு இல்லாமல் தொடங்குகிறவருக்கு இந்த ஓர் எழுத்து ஏழெட்டாயிரம் ரூபாய் பெறும்.

“அப்ப பழைய கார்டு ஒண்ணு போட்டுக்கோங்க” என்று அதே கடைக்காரர் அலமாரிக்குள்ளிருந்து ஆர்.எக்ஸ். 580 ஒன்றை எடுத்தார். 2017இல் வந்த கார்டு, தூசி தட்டித் துடைத்துப் புதுசுபோல இருந்தது. இவை இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் எங்கோ இருக்கிறது. எத்தீரியம் என்ற மின்நாணயத்தை ‘தோண்ட’ உலகெங்கும் ஆயிரமாயிரம் கார்டுகளை இரவு பகலாக ஓட்டினார்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொள்ள, ஒரே நாளில் அந்தக் கார்டுகளுக்கு வேலை போயிற்று. அவற்றில் பல இப்படிப்பட்ட தெருக்களுக்கு வந்து சேர்ந்தன. எல்லாமே கெட்டவை என்று சொல்ல முடியாது. ஆனால் எது எவ்வளவு உழைத்தது என்று கார்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. “டெஸ்டிங் வாரண்டி எத்தனை நாள்?” என்று கேட்டாள். “ஏழு நாள்.” கார்டு அலமாரிக்குள் திரும்பிப் போனது.

உண்மையான விவாதம் போர்டில்தான் வந்தது. ராம் மாட்ட இரண்டே இடம் உள்ள ஏ520 போர்டு 4,600 ரூபாய். நாலு இடமுள்ள பி550 போர்டு 8,200. வித்தியாசம் 3,600. “மாட்டப்போறது ரெண்டு ராம், அதுக்கு எதுக்கு நாலு இடம்?” என்று கடைக்காரரே எங்களுக்காக வாதாடினார். நியாயமான கடைக்காரர்தான்; விலை குறைந்ததை எடுக்கச் சொல்கிறாரே. எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. அவள் தயங்கி, வெளியே வந்து, அத்தானுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தாள். பின்னால் சிமெண்டுக் கலவை இயந்திரத்தின் சத்தம்.

“அப்பா, நாலு இடம் இருக்கிற போர்டு கூட மூவாயிரத்து அறநூறு ஆவுது.”

“இப்ப எத்தனை இடம் வேணும்?”

“ரெண்டு.”

“மிச்ச ரெண்டு?”

“பின்னாடிக்கு. காசு வர்றப்ப.”

கொஞ்ச நேரம் கலவை இயந்திரம் மட்டும் பேசியது. “மாடி எழுப்பக் கம்பி விட்டு வைக்கிற மாதிரியா?”

“ஆமாப்பா.”

“அப்ப கேள்வி என்ன? அதையே வாங்கு.”

எங்கள் பக்கத்து ஊர்களில் மொட்டைமாடியைப் பார்த்தால் தூண் இருக்கும் இடமெல்லாம் துருப்பிடித்த கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கும். வெளியூர்க்காரர் கண்ணுக்கு அது முடியாத வேலை. கட்டியவருக்கு அது மகனின் கல்யாணத்துக்குள் எழும்பப்போகும் மாடி. பத்து வருஷமாகியும் எழும்பாமல் இருக்கலாம். ஆனால் கம்பியை இன்றைக்கே வெட்டிவிட்டால் என்றைக்குமே எழும்பாது. சின்னத் தொகையில் கம்ப்யூட்டர் கட்டுவதும் இதே கணக்குதான் என்பதை எனக்கு விளங்கவைத்தது தெருவில் இருந்த எந்த நிபுணரும் அல்ல. சாரத்தில் நின்றுகொண்டிருந்த அத்தான். பணம் குறைவாக இருப்பவர் இன்றைய வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது நாளைய இடத்தை வாங்கிப் போட வேண்டும். பணக்காரர் முழுதாக வாங்கலாம், பிடிக்காவிட்டால் முழுதாக மாற்றலாம். மற்றவருக்குத் தவணைதான் வழி. அந்தத் தவணையைப் பெற்றுக்கொள்ள இயந்திரத்தில் இடம் இருக்க வேண்டும்.

அந்தப் பேச்சுக்குப் பின் தாளில் இருந்த ஒவ்வொரு வரியையும் நாங்கள் வேறு கண்ணால் பார்த்தோம்.

ஏ.எம்.டி.யின் ஏஎம்4 சாக்கெட் 2016இல் அறிமுகமானது. 2024 ஜனவரியில்கூட அதே சாக்கெட்டில் உட்காரும் புது ப்ராசசர்களை ஏ.எம்.டி. விட்டிருந்தது. அடுத்த தலைமுறை ஏஎம்5 வந்துவிட்டதால் ஏஎம்4 பழசுதான். ஆனால் ஏஎம்5க்கு டி.டி.ஆர்.5 ராம் வேண்டும், போர்டும் விலை கூட. ஏஎம்4இல் இன்றைக்கு ஆறு கோரில் தொடங்கினால், போர்டை மாற்றாமலேயே பின்னாளில் எட்டுக்கும் அதற்கு மேலும் போகலாம். பி550 பெட்டியின் மேல் ‘ரைசன் 5000’ வரிசைக்குத் தயார் என்ற ஒட்டுத்தாள் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினோம். இல்லாவிட்டால் பழைய பயாஸோடு வந்து, ப்ராசசரை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிடும்.

ராமில் 16 ஜி.பி.யை ஒரே குச்சியாக வாங்கலாம், 8 ஜி.பி. குச்சிகள் இரண்டாகவும் வாங்கலாம். தனி கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் கிராஃபிக்ஸுக்கென்று சொந்த நினைவகம் கிடையாது. ராமில்தான் பங்கு கேட்கும். டி.டி.ஆர்.4-3200 குச்சி ஒன்று நொடிக்கு 25.6 ஜி.பி. தரவைக் கொண்டுபோகக்கூடியது. இரண்டை இரண்டு தனி வழிகளில் மாட்டினால் அது 51.2. விலை ஏறக்குறைய ஒன்றுதான். படம் நகரும் வேகத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இரண்டு குச்சி மாட்டியும் இரண்டு இடம் மிச்சம் இருக்க வேண்டும் என்றால் நாலு இடமுள்ள போர்டு வேண்டும். அத்தான் சம்மதித்த 3,600 ரூபாயின் பொருள் இதுதான்.

எஸ்.எஸ்.டி.யில் காசு மிச்சமானது. கடையில் நாலாம் தலைமுறை என்.வி.எம்.இ. குச்சியை எடுத்து நீட்டினார்கள். 5600ஜி மூன்றாம் தலைமுறை வேகத்துக்கு மேல் பேசாது. நாலாம் தலைமுறைக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண். 500 ஜி.பி. மூன்றாம் தலைமுறைக் குச்சி 3,100 ரூபாய்க்குப் படிந்தது. 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். சூயிங்கம் பட்டை அளவுக்குள் ஒரு பெண்ணின் அத்தனை வேலையும் அடங்கிவிடும்.

மிச்சம் பிடிக்கக்கூடாத இடம், எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். எங்கள் ஊர்க் கடையின் கொட்டேஷனில் கேபினட்டோடு ‘ஃப்ரீ’யாக வந்தது இதுதான். 450 வாட் என்று ஒட்டியிருக்கும். தூக்கிப் பார்த்தால் கனமே இருக்காது. ராம் கெட்டால் ராம் மட்டும் போகும். எஸ்.எம்.பி.எஸ். கெட்டால் போகிற போக்கில் போர்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். நாங்கள் கட்டிய பெட்டி முழு மூச்சில் ஓடினாலும் 150 வாட்டைத் தாண்டாது. இருந்தும் 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரையோடு 550 வாட் வாங்கினோம். அதில் கிராஃபிக்ஸ் கார்டுக்கான வயர் இப்போதே இருக்கிறது. சுருட்டி, டேக் போட்டுக் கட்டி உள்ளே வைத்துவிடலாம். கேபினட்டுக்கு முன்பக்கம் வலையும் தூசி வடிகட்டியும் உள்ளதாகத் தேடினோம். கரிசல் காட்டுப் புழுதியைச் சென்னைக் கடைக்காரருக்கு விளக்குவது கடினம். கண்ணாடிப் பக்கத்தையும் கலர் விளக்கையுமே திரும்பத் திரும்பக் காட்டினார்.

பேரத்துக்கு இந்தத் தெருவில் ஓர் இலக்கணம் இருக்கிறது. எட்டு சாமானுக்கும் ஒரே கடையில் கொட்டேஷன் கேட்டால், இணையத்தில் எல்லாரும் விலை பார்த்துவரும் ப்ராசசரில் இறக்கிவிட்டு, யாரும் பார்க்காத கேபினட்டிலும் கீபோர்டிலும் ஏற்றிவிடுவார்கள். ஒவ்வொன்றின் விலையும் தாளில் தனித்தனியாக விழ வேண்டும். விழுந்ததும் கடைக்காரர் உள்ளே ஒரு குரல் கொடுப்பார்; ஒரு பையன் ஓடுவான். நாம் கேட்ட போர்டு அந்தக் கடையில் இருக்காது. நாலு கடை தள்ளியோ மாடிக் குடோனிலோ இருக்கும். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, ஆட்களுக்கு நடுவே வளைந்து நெளிந்து பத்து நிமிஷத்தில் வந்துவிடுவான். அந்தத் தெருவின் கிட்டங்கி முழுவதும் இந்தப் பையன்களின் கால்களில் இருக்கிறது.

“பில் போடணுமா, வேணாமா?” என்ற கேள்வி எல்லாக் கடையிலும் வரும். 18 சதவீத ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்கினால் சில ஆயிரங்கள் குறையும். மூன்று வருஷ வாரண்டியும் அதோடு குறையும். சீரியல் நம்பர் எழுதிய பில்லாகக் கேட்டு வாங்கினாள்.

மூன்றாவது பத்தி ஒருவழியாக நிரம்பியது. ப்ராசசர் 11,300. போர்டு 8,200. ராம் 3,500. எஸ்.எஸ்.டி. 3,100. எஸ்.எம்.பி.எஸ். 3,600. கேபினட் 2,400. ஐ.பி.எஸ். திரையுள்ள 22 அங்குல மானிட்டர் 6,300. கீபோர்டும் மவுஸும் 800. ஆக 39,200. யூ.பி.எஸ். ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். மிச்சம் எண்ணூறில் மத்தியானச் சாப்பாடும் மோரும்.

மாட்டிக் கொடுக்க ஐந்நூறு ரூபாய் என்றார்கள். “நானே மாட்டுறேன், மேசை மட்டும் குடுங்க” என்றாள். கடைக்காரர் சிரித்தார், ஆனால் மாடியில் சர்வீஸ் மேசையில் ஓர் ஓரம் ஒதுக்கிக் கொடுத்தார். அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த இளைஞர், பழைய ராமின் தங்கப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தபடியே எங்கள் மேலும் ஒரு கண் வைத்திருந்தார்.

ஏஎம்4 ப்ராசசரின் அடியில் 1,331 ஊசிகள். ஒன்று வளைந்தாலும் வம்பு. மூலையில் இருக்கும் தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி வைத்தால், அழுத்தாமலே தன் எடையில் இறங்கி உட்காரும். “அமுக்காதம்மா, அதுவா விழணும்” என்றார் அவர். விழுந்தது. லீவரை இறக்கினாள். ஃபேனின் அடியில் தெர்மல் பேஸ்ட் தடவியே வந்திருந்தது. அதன் நாலு ஸ்க்ரூவையும் மூலைவிட்டமாக மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ராம் குச்சிகள் ப்ராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நாலாவது இடங்களில். ‘டக்’ என்ற சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும்; புதிதாக மாட்டுகிறவர்களுக்கு அந்த அழுத்தம் பயம் தரும்.

கேபினட்டில் பித்தளைக் குமிழ்களின் மேல் போர்டை இறக்கியபோது நானும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் குமிழ் இல்லாமல் போர்டு தகரத்தைத் தொட்டால் ஷார்ட். பிறகு 24 பின் வயர், ப்ராசசருக்கு 8 பின் வயர். கடைசியில் பவர் பட்டனிலிருந்து வரும் நூல்போன்ற வயர்கள். எட்டுப் பாகத்தையும் மாட்டும் நேரத்தை இந்த நாலைந்து சின்ன வயர்களே தின்றுவிடுகின்றன. போர்டின் கையேட்டை வெளிச்சத்துக்குக் காட்டி, எது பிளஸ் எது மைனஸ் என்று நான் படித்துச் சொல்ல, அவள் இடுக்கியால் மாட்டினாள்.

பட்டனை அழுத்தினாள். ஃபேன் சுற்றியது. மானிட்டர் கறுப்பாகவே இருந்தது. அவள் முகமும்.

ரப்பர் இளைஞர் தலை நிமிர்த்தாமலே சொன்னார்: “ராமைக் கழட்டி மாட்டு.” இந்தியாவில் எந்த சர்வீஸ் மேசையிலும் முதல் மருந்து இதுதான். நாலாவது இடத்தில் இருந்த குச்சி ஒரு பக்கம் சரியாக உட்காரவில்லை. கழற்றி, இந்த முறை தயங்காமல் அழுத்தினாள். ‘டக்.’ திரையில் எழுத்து வந்தது. பயாஸுக்குள் போய் ராமின் வேகத்தைப் பார்த்தாள். 2400 என்று காட்டியது. 3200க்கு வாங்கிய ராமை அந்த வேகத்தில் ஓடச் சொல்லிப் பயாஸில் நாம்தான் ஓர் அமைப்பைத் திறந்துவிட வேண்டும். வருஷக்கணக்காக அதைத் திறக்காமலே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

“விண்டோஸ் போட்டுத் தரவா?” என்று கீழேயிருந்து கேட்டார்கள். லைசென்ஸ் என்ற பேச்சு அந்தக் கேள்வியில் இல்லை. அவள் பையிலிருந்து பென்டிரைவை எடுத்தாள். ஏப்ரலில் வெளிவந்திருந்த உபுண்டு 24.04, ரயில் ஏறுமுன்னே ஏற்றிவைத்தது. ஐந்து வருஷத்துக்கு இலவசமாகவே பாதுகாப்பு வரும். பிளெண்டர் அதிலும் ஓடும். மேசை ஓரத்திலேயே ஒரு சின்னப் படத்தை ரெண்டர் செய்யவிட்டாள். ஆறு கோரும் நூறு சதவீதத்துக்கு ஏறின. இரவல் லேப்டாப்பில் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்க வேண்டிய படம், ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது. ரப்பர் இளைஞர் எழுந்து வந்து பார்த்தார். “இது என்ன சாஃப்ட்வேரு?” என்று கேட்டுப் பெயரைக் கையில் எழுதிக்கொண்டார்.

திரும்பும் ரயிலில் கேபினட் கீழ்ப் படுக்கையின் அடியில் போனது. மானிட்டர் பெட்டிக்குத்தான் இடமில்லை. எதிர்ப் படுக்கைப் பெரியவர் தன் காலை மடக்கிக்கொண்டு இடம் கொடுத்தார். “என்ன விலை?” என்று கேட்டார். சொன்னோம். “டி.வி. இதைவிடப் பெருசா கிடைக்குமே” என்றார். அதற்கு நாங்கள் பதில் சொல்லவில்லை. செங்கல்பட்டு தாண்டும்போது எல்லாருமே தூங்கியிருந்தோம்.

இதை எழுதும்போது அந்தப் பெட்டிக்குள் என்னென்ன மாறியிருக்கிறது என்று கேட்டேன். உறவினர் வீட்டில் செத்துப்போன கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து எடுத்த ஒரு டி.பி. ஹார்டுடிஸ்க் காலியாக இருந்த சாட்டா இடத்தில் ஏறியிருக்கிறது. ராமை 32 ஆக்க 2025 கடைசியில் பணம் சேர்த்திருந்தாள். அதற்குள் செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் உலகத்தின் நினைவகச் சில்லுகளையெல்லாம் வாரிக்கொண்டு போக, ராம் விலை பல மடங்கு ஏறிவிட்டது. சாதாரண மக்களுக்கு க்ரூஷியல் என்ற பெயரில் ராம் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்த வியாபாரத்தையே விட்டுவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. சேர்த்த பணம் வங்கியில் இருக்கிறது. இரண்டு இடமும் காலியாக இருக்கின்றன. “இப்ப வாங்க மாட்டேன் மாமா. இடம் இருக்குல்ல, விலை இறங்கட்டும்” என்கிறாள். பற்றவைத்த ராமோடு பெட்டி வாங்கியவருக்கு இப்படிப் பொறுத்திருக்கும் வசதி கிடையாது.

பக்கத்து வீட்டில் இந்த வருஷம் பிளஸ் டூ எழுதும் பையன் ஒருவன் அவளிடம் பட்டியல் கேட்டு வந்தான். அவள் பழைய தாளைக் காட்டவில்லை. விலைகளும் மாடல்களும் மாறிவிட்டன என்றாள். “முதல்ல என்ன வேலைக்குன்னு சொல்லு. அப்புறம், இப்ப எதெல்லாம் இல்லாம சமாளிக்கலாம்னு எழுதிட்டு வா.” அவன் விழித்தான். “அதெல்லாம் பின்னாடி மாட்ட இடம் இருக்கிற போர்டா பாத்துட்டா, பாதிப் பட்டியல் முடிஞ்சது. மிச்சத்தை ரிச்சி ஸ்ட்ரீட்ல போய்க் கேளு. பத்தரைக்கு முன்னாடி போகாத.”